தண்டையல் இல்லாத தோணி

மன்னாரிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் வங்காலையையும் அருவியாற்றையும் கடந்து, அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்களையும் பின்னே விட்டால் கொண்டச்சி வந்துவிடும். இந்தக் குடாவிலேதான் ஒரு காலத்தில் முத்துக்குளிக்கும் தோணிகள் அணியணியாகக் கூடி நின்றன. இன்று முத்துக்குளிப்பும் இல்லை. அதைத் தேடி வந்த வணிகர் கூட்டமும் இல்லை. மரமுந்திரிகைத் தோட்டமும், கரையில் இழுத்து வைத்த மீன்பிடித் தோணிகளும், போருக்குப் பின் மீண்டெழுந்த வீடுகளுமே கண்ணில் படுகின்றன. சென்ற பாடசாலை விடுமுறையில், நெடுநாள் நண்பராகிய ஓர் ஆசிரியரின் இல்லத்துக்கு நாம் அங்கே சென்றிருந்தோம்.

வாசலில் வரவேற்பு வழக்கம் போலவே இருந்தது. ஆனால் முகங்களில் வழக்கமான மலர்ச்சி இல்லை. கூடத்தின் மூலையில் கணினியொன்று கறுத்த திரையுடன் நின்றது. அத்திரையின் மேலே ஒரே ஒரு வெள்ளை வரி: "நோ பூட்டபிள் டிவைஸ்." புறப்படுவதற்கு உரிய சாதனம் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். உயர்தர வகுப்பில் படிக்கும் நண்பரின் மகள் அழுது ஓய்ந்த கண்களுடன் அதன் முன்னே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கணினி கெட்டால் அழுவதா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளைக்கு உட்பட்டு வடமாகாண முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தபோது இக்குடும்பமும் புத்தளம் சென்றது. 2009இல் போர் முடிந்து, அதன்பின் ஊர் திரும்பியபோது வீடு நின்ற இடத்திலே காடு நின்றது. இது எங்கள் காணி என்று சொல்ல அவர்கள் கையில் மிஞ்சியிருந்தவை சில நைந்த கடதாசிகள்: ஒரு காணி உறுதி, ஓர் அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள். அவற்றையெல்லாம் மகள் படமெடுத்துக் கணினியில் சேர்த்திருந்தாள். அயல்வீட்டார் சிலரும் தத்தம் கடதாசிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவர்களுள் ஒரு முதியவரின் உறுதியைப் பின்னர் கறையான் தின்றுவிட்டது. ஆகவே அவருக்கு மிஞ்சியிருந்தது கணினியிலுள்ள படம் ஒன்றுதான்.

நடந்தது யாது? சில மாதங்களுக்கு முன் கடையொன்றில் இந்தக் கணினிக்குப் புதிய 'எஸ்.எஸ்.டி.' தட்டொன்றைப் பூட்டி, அதில் விண்டோஸை இட்டுக் கொடுத்தார்கள். பழைய வன்தட்டையும் கழற்றாமல் உள்ளேயே விட்டார்கள். மகள் தன் கோப்புகளையெல்லாம் புதிய தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். யந்திரமும் முன்னிலும் விரைவாக ஓடியது. பழைய தட்டு வீணே கிடக்கிறதே, புத்தளத்திலுள்ள அண்ணனுக்குக் கொடுக்கலாமே என்று எண்ணி, அதைக் கழற்றித் தோழியின் மடிக்கணினியில் இணைத்து, 'டிஸ்க்பார்ட்' என்னும் கருவியிலே 'கிளீன்' என்ற கட்டளையால் முற்றாகத் துடைத்துவிட்டாள்.

"அதில் ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தானே அழித்தேன், மாமா? பெயரே இல்லாத ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் இருந்தது" என்றாள்.

அந்தச் சின்னத் துண்டில்தான் விஷயம் இருக்கிறது. இதைத் தன் கணினியிலேயே செய்ய முயன்றிருந்தால் விண்டோஸ் மறுத்துத் தடுத்திருக்கும். தோழியின் கணினிக்கோ அது வெறும் அந்நியத் தட்டு. ஆகையால் கேள்வி கேளாமல் துடைத்துவிட்டது.

கணினி எப்படிக் கண் விழிக்கிறது என்பதை இங்கே சற்று விளக்கவேண்டும். கொண்டச்சி மக்களுக்கு இதை விளக்க முத்துக்குளிப்பைவிட நல்ல உவமை கிடையாது. 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, இக்குடாவிலிருந்து தோணிகள் புறப்பட்ட முறையை எழுதி வைத்திருக்கிறார். இரவு பத்து மணியளவில் பீரங்கி முழங்கும். உடனே தோணிகள் தரைக்காற்றில் பாய்விரித்து, பொழுது விடியுமுன் முத்துப் பார்களை அடைய ஓடும். ஒவ்வொரு தோணியிலும் இருபது பேர். அவர்களுள் பத்துப்பேர் குளிப்பவர், மற்றப் பத்துப்பேர் தண்டு வலிப்பவர். இவர்களுக்கு மேலாக வழிகாட்டும் தலைவன் ஒருவன். அவனே தண்டையல், தண்டல் என்பாரும் உண்டு. இருட்டிலே பார் எங்கே இருக்கிறது என்று அறிந்தவன் அவன்தான். பீரங்கி முழங்கினாலும், குளிப்பவர் ஆயத்தமாக இருந்தாலும், தண்டையல் வராவிட்டால் தோணி கரையிலேயே கிடக்கவேண்டியதுதான்.

கணினியிலும் அப்படியே. மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையில் உறையும் ஒரு சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினி முதல் பல்லாண்டு காலம் இதற்கு 'பயாஸ்' என்று பெயர். இன்றைய கணினிகளில் இருப்பது 'யூ.ஈ.எஃப்.ஐ.'. பீரங்கியை முழக்குவது இதன் வேலை. ஆனால் விண்டோஸ் எந்தத் தட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. அதை அறிந்தது தட்டிலே ஒரு தனிப் பகுதியில் வாழும் 'பூட் மேனேஜர்' என்னும் சிறு நிரல். அதுவே நம் தண்டையல். விண்டோஸ் அதற்கென ஒதுக்கும் இடம் வழக்கமாக 100 மெகாபைட் அளவுதான். எழுத்தடையாளம் எதுவும் இராது. சாதாரணமாகக் கண்ணிலும் படாது. பழைய பயாஸ் முறையிலோ இன்னும் சிக்கனம்: தட்டின் முதற் கூறு 512 பைட், அதில் புறப்பாட்டு நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்.

('பூட்' என்னும் சொல்லே வேடிக்கையானது. தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது அது. நிரலை ஏற்றுவதற்கும் ஒரு நிரல் வேண்டும் என்ற முரண்பாட்டைக் கண்டு யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே வைத்த பெயராக இருக்கவேண்டும்.)

கடைக்காரர் புதிய தட்டில் விண்டோஸை இட்டபோது பழைய தட்டும் இணைந்தே இருந்ததல்லவா? அங்கே ஏற்கெனவே ஒரு தண்டையல் இருப்பதை விண்டோஸ் கண்டது. புதிதாக ஒன்றை அமர்த்தாமல் அதனிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டது. இவ்வழக்கம் விண்டோஸுக்கு உண்டு. ஆகவே இத்தனை மாதமும் இக்கணினி பழைய தட்டின் வழியாகத்தான் புதிய தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டாருக்கு அது எப்படித் தெரியும்?

கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இட்டுத் தருவோம்" என்றார்களாம். எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது என்று நம் பெரியோர் சொல்வது இதைத்தான். புதிய தட்டிலே கோப்புகள் அத்தனையும் நலமாக இருந்தன. அங்கே போகும் வழி மட்டுமே போயிருந்தது. கணினி எழும்பவில்லை என்றதும் அழித்து இடச் சம்மதிப்பவர்கள், இழக்காத பொருளையும் தம் கையாலேயே இழந்துவிடுகிறார்கள்.

நாம் முதலில் செய்தது மிகச் சிறிய காரியம். கணினியை ஏற்றும்போது 'எஃப் 2' விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் சென்றோம். (சில கணினிகளில் 'டிலீட்' விசை.) புதிய தட்டின் பெயர் அங்கே தெரிந்தது. தட்டு உயிரோடு இருக்கிறது என்று கண்டதும் பெண்ணின் முகத்தில் சற்று ஒளி வந்தது. சிலருக்குத் தட்டுகளின் வரிசையை இத்திரையில் மாற்றினாலே காரியம் முடிந்துவிடும், நமக்கு முடியவில்லை.

அடுத்து, விண்டோஸ் இடுவதற்குரிய 'யூ.எஸ்.பி.' ஒன்று தேவைப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. குறைந்தது 8 கிகாபைட் கொள்ளும் பென்ரைவ் வேண்டும். தோழியின் மடிக்கணினியில் அதை இறக்கத் தொடங்கினோம். கைபேசியின் இணைப்பை நம்பிப் பல கிகாபைட் இறக்குவதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அன்று அறிந்தோம். அஸருக்கு முன் தொடங்கியது, இரவுச் சாப்பாடு முடிந்த பின்னரே முடிந்தது.

பின்பு பழைய தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த யூ.எஸ்.பி.யிலிருந்து கணினியை ஏற்றினோம். மொழி கேட்கும் திரை வந்ததும் 'ஷிப்ட்' விசையையும் 'எஃப் 10' விசையையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். அங்கே மீண்டும் அதே டிஸ்க்பார்ட்! அந்தப் பெயரைக் கண்டதும் பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். கத்தி காயமும் செய்யும், காய்கறியும் அரியும் என்று சொல்லி, விசைப்பலகையை அவளிடமே கொடுத்தோம்.

தட்டுகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்ததும் இரண்டு வரிகள் தோன்றின: 238 கிகாபைட் ஒன்று, மற்றது நம் யூ.எஸ்.பி. 256 என்று வாங்கிய தட்டு 238 ஆனது எப்படி என்று அவள் திகைத்தாள். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வேறு களவு எதுவும் இல்லை. எந்தத் தட்டு என்பதை இந்த அளவைக் கொண்டே நிச்சயிக்கவேண்டும். இங்கே தவறினால் மீட்சி இல்லை. அந்த வரியின் கடைசியில், 'ஜி.பி.ரி.' என்ற தலைப்பின் கீழ், ஓர் உடுக்குறி இருக்கிறதா என்றும் பார்த்தோம். இருந்தது. இருந்தால் அது யூ.ஈ.எஃப்.ஐ. முறைக்கு உரிய தட்டு. இல்லாதோர் பழைய பயாஸ் முறைப்படி செய்யவேண்டும், அவ்வழி வேறு.

அப்பால் வேலை விரைவாக நடந்தது. விண்டோஸ் இருக்கும் பெரிய பகுதியை 'ஷ்ரிங்க்' கட்டளையால் 300 மெகாபைட் சுருக்கினோம். இவ்வாறு சுருக்குவதால் கோப்புகளுக்குச் சேதமில்லை. கிடைத்த இடத்தில் 'ஈ.எஃப்.ஐ.' வகைப் பகுதியொன்றை உண்டாக்கி, 'ஃபாட் 32' முறையில் அதை மட்டும் வடிவமைத்து, 'எஸ்' என்ற எழுத்தைக் கொடுத்தோம். கடைசியாக 'பிசிடிபூட்' என்னும் கட்டளை. விண்டோஸ் கோப்புறை எங்கே இருக்கிறது, புதுத் தண்டையல் எங்கே குடியேறவேண்டும், எந்த முறைக்கு என்று மூன்று செய்திகளை அதற்குச் சொல்லவேண்டும். ஒன்று கவனிக்க: இந்த மீட்புச் சாளரத்தில் எழுத்துகள் இடம் மாறி நிற்பதுண்டு. நம் 'சி' அன்று 'டி' ஆக நின்றது. உள்ளே பார்த்து, விண்டோஸ் என்னும் கோப்புறையைக் கண்ணால் கண்ட பின்னரே கட்டளையைத் தட்டச் சொன்னோம். புறப்பாட்டுக் கோப்புகள் உண்டாகிவிட்டன என்று ஒரே வரியில் பதில் வந்தது. யூ.எஸ்.பி.யைக் கழற்றி மறுபடி ஏற்றினோம். வட்டமிடும் வெண்புள்ளிகள் தோன்றின. சற்று நேரத்தில் அவளுடைய பெயரும் தோன்றியது. பிள்ளை "வாப்பா!" என்று கூவிய சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கும் எரிந்தது.

'பிட்லொக்கர்' என்னும் பூட்டு இட்ட கணினிகளில் இதற்கு முன் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது மைக்ரோசொப்ட் கணக்கில் சேமித்திருக்கலாம். இப்போதே தேடி, ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய தட்டைத் துடைக்க எண்ணும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வோம். துடைக்குமுன் கணினியை அணைத்து, மின்வடத்தைப் பிடுங்கி, அத்தட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். எழும்பினால் அத்தட்டு தேவையில்லை. எழும்பாவிட்டால் மறுபடி இணைத்துவிடலாம், எதுவும் போய்விடாது. ஐந்து நிமிட வேலை. விண்டோஸின் தட்டு மேலாண்மைத் திரையைப் பார்த்தும் அறியலாம். ஆனால் அங்கே பெயர்கள் தலைகீழாக இருக்கின்றன. புறப்பாட்டு நிரல் உள்ள பகுதிக்கு 'சிஸ்டம்' என்று பெயர்; விண்டோஸ் உள்ள பகுதிக்கு 'பூட்' என்று பெயர்! இதை வைத்தவர் யாரோ, அவரைக் கண்டால் நாம் இரண்டு வார்த்தை கேட்போம். புதிய தட்டில் விண்டோஸ் இடும்போது மற்றத் தட்டுகளைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வதும் தகும்.

மறுநாட் காலை, துடைத்த பழைய தட்டில் கடதாசிப் படங்கள் யாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்தோம். அது புத்தளத்துக்கே போவது என்று தீர்மானமாயிற்று. ஆனால் இப்போது வெறுந்தட்டாக அல்ல. நாம் புறப்படும் வேளையில், கறையானுக்கு உறுதியைப் பறிகொடுத்த முதியவர் வந்து சேர்ந்தார். இரவு சத்தம் கேட்டதாம். தம் கடதாசியைத் திரையில் பார்க்கவேண்டும் என்றார். பிள்ளை அதைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்து, அடியிலுள்ள கையொப்பத்தைப் பெரிதாக்கும்படி கேட்டார். அது அவருடைய வாப்பாவின் கையெழுத்து.