விமானியின் வாய்மொழிப் பரீட்சை

ரயில்வே உத்தியோகத்தில் விதிநூலை உருப்போடாதவர் நம்முள் அரியர். ஆயினும் விதியை ஒப்புவிப்பது வேறு. அதன் காரணத்தை அறிவது வேறு. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காக விமானம் ஓட்டும் உரிமத்தை நாடுவோர்க்கு நடைபெறும் வாய்மொழிப் பரீட்சை இவ்வேற்றுமையை நன்கு விளக்கும்.

அவ்வுரிமத்துக்கு வயது 17 நிரம்ப வேண்டும். பொதுவாக 40 மணி நேரமேனும் பறந்து, எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு 70 பெற வேண்டும். பின்னர்ப் பரீட்சகர் முன் அமர்ந்து வாய்மொழியில் விடை கூறிய பின்னரே பறந்து காட்ட வேண்டும்.

வானம் தெளிந்த நாளில் கண்ணால் பார்த்துப் பறப்பவர், சேருமிடத்தை அடைந்த பின்னும் பகலில் 30 நிமிடத்துக்கும், இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் மிஞ்சுமாறு புறப்பட வேண்டும். இதை எவரும் மனப்பாடம் செய்யலாம். ஆனால் பரீட்சகர், "நான்கு ஆசனமுள்ள சிறு விமானத்தில் நால்வரையும் ஏற்றித் தொட்டியையும் நிரப்பலாமா?" என்பார். எடையைக் கூட்டிப் பாராமல் "ஆம்" என்பது பிழை. கோடை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறையும். விமானம் நெடுந்தூரம் ஓடியே எழும். சுமையும் மிகுந்தால் ஓடுபாதை போதாது.

ஆகவே விமானக் கையேட்டைக் கணக்கிட்டுப் படித்து, நண்பரைக் கேட்கச் செய்து, வாய்விட்டு விடை கூறிப் பழகுதல் நலம். தெரியாததைப் புனைந்துரைத்தல் ஆகாது; சிற்சில நுட்பங்களை நூலைப் புரட்டிக் காட்டுதல் குற்றமன்று.

நாளை அவரை நம்பி உற்றார் விமானத்தில் அமர்வர். நம் பிள்ளைகள் எப்பரீட்சைக்குப் படிப்பினும், விடைக்குப் பின் "ஏன்?" என்று கேட்டுப் பழக்குவோமாக.