வானில் தீப்பந்து தெரிந்தால் உழவர் செய்ய வேண்டியவை

இரவில் தண்ணீர் பாய்ச்சும் உழவர்கள் சில வேளைகளில் வானில் பெரும் தீப்பந்து ஒன்று பாய்ந்து மறைவதைக் காண்பதுண்டு. விடிவெள்ளியைவிட மிகுதியாக ஒளிரும் எரிநட்சத்திரமே இது. விண்வெளிக் கல் காற்று மண்டலத்தில் கடும் வேகத்தில் நுழையும்போது உண்டாகும் வெப்பத்தால் எரிந்து ஒளி வீசுகிறது.

பக்கத்துப் பனந்தோப்பில் விழுந்தது போலவே தோன்றும். ஆனால் ஒளி பல கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடுகிறது. எரியாமல் எஞ்சிய கல் இருந்தால், அது வேகம் தணிந்து, ஒளியின்றித் தொலைவில் விழும். அதனால் பயிர் தீப்பற்றும் என அஞ்ச வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2021 பிப்ரவரி 28 இரவு இத்தகைய தீப்பந்து தோன்றியது. பார்த்தவர்கள் தந்த குறிப்புகளும் கேமராப் பதிவுகளும் கல் விழுந்த இடம் வின்ச்கோம்ப் என்னும் சிற்றூரின் பக்கம் எனக் காட்டின. ஒரு வீட்டு வாசலில் சிதறிய துண்டுகளை அவ்வீட்டார் மறுநாள் காலையே கையுறை அணிந்து பைகளில் சேகரித்தனர். சில நாட்களுக்குப் பின் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் தேடியவர்களுக்கு மற்றொரு துண்டு கிடைத்தது. மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். எனினும், அக்கல்லில் அடங்கியிருந்த நீர் பூமியின் நீரை ஒத்திருப்பது ஆய்வில் தெரியவந்தது. மழையில் நனைந்து கிடந்திருந்தால் இந்தத் தடயம் கெட்டிருக்கும்.

தமிழ்நாட்டிலும் 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் விண்கற்கள் விழுந்தன. எனவே உழவர்கள் கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுதல் நலம்.

1. தீப்பந்தைக் கண்டதும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்தே, எந்த மரத்தின் மேல் தோன்றி எந்தக் கம்பத்தின் பக்கம் மறைந்தது என அடையாளம் வைக்க வேண்டும்.

2. பின்னர் இடியோசை கேட்டால், எத்தனை நிமிடம் கழித்து எனக் குறிக்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும்.

3. வயலில் கருகிய மேலோடுடைய புதிய கல் கிடந்தால், வெறுங்கையால் தொடாமல் தூய உலர்ந்த பையில் எடுத்து வைக்க வேண்டும். கிடந்த இடத்தில் ஒரு முளைக்குச்சி நட வேண்டும்.

4. கல்லைக் கழுவுவதோ உடைப்பதோ கூடாது. காந்தம் வைத்துப் பார்த்தால் கல்லின் இயற்கையான காந்தப் பதிவு அழியும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே தெரிவித்தால், விண்கற்களைப் பாதுகாத்து ஆராயும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குச் செய்தி போய்ச் சேரும். மழைக்கு முன் எடுத்த கல்லே ஆய்வுக்கு முழுப் பயன் தரும்.