பெரிய டயர் போட்டால் போதுமா? டபுள் கெப்பின் கியர்க் கணக்கு

கடந்த பெரும்போக அறுவடையின்போது ஒருநாள் மாலை, திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாறுப் பக்கத்து வயல்வெளியிலிருந்து என் மச்சானின் டபுள் கெப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நெல் மூட்டைகள். அவற்றின் மேல் கூலிக்கு வந்த ஐந்து பெண்கள். வாய்க்கால் கட்டில் ஏறும்போது கிளச் கருகி வாகனம் நின்றுவிட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அது யானை நடமாடும் இடம். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எல்லோரும் நடந்தே ஊர் சேர்ந்தோம்.

போர்க்காலத்தில் போக முடியாமல் கிடந்த வயல்கள் இவை. தமிழரும் முஸ்லிம்களும் மீண்டும் பயிர் செய்கிறார்கள். பாதைகள் பலவும் இன்னும் கிறவலும் சேறும்தான். வாகனம் நடுவழியில் நின்றால் நெல் மட்டுமல்ல, ஏறி வந்தவர்களின் உயிரும் தெருவில் நிற்கும். அதனால்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

மச்சான் சேற்றுக்குப் பயந்து ஸ்பிரிங்கை உயர்த்திப் பெரிய டயர் போட்டிருந்தார். அதன் பிறகு வாகனம் இழுக்கவில்லை. டீசலும் கூடுதலாகக் குடித்தது. எஞ்சினில்தான் பிழை என்று நினைத்து இன்ஜெக்டர் வரை கழற்றிப் பார்த்தார். கல்முனையில் ஒரு கராஜில் வயதான மெக்கானிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எஞ்சினில ஒண்டும் பிழையில்ல மனே. டயர மாத்தினீங்க, டிஃப் பல்ல மாத்தினீங்களா?”

விடயம் இதுதான். அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷலுக்குள் சிறிய பினியனும் பெரிய கிறவுண் வீலும் இருக்கின்றன. மச்சானின் வாகனத்தில் பினியனுக்கு 10 பல், கிறவுணுக்கு 41 பல். அதாவது ஷாஃப்ட் 4.1 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பழைய டயர் 215/80 ஆர் 15. அதன் குறுக்களவு ஏறத்தாழ 725 மில்லிமீற்றர். புதியது 31 அங்குலம், அதாவது 787 மில்லிமீற்றர். ஒரு சுற்றில் வாகனம் எட்டரை வீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். எஞ்சினுக்கு அது 4.1 பல்லை 3.78 ஆகக் குறைத்தது போன்ற பாரம். பாரத்தோடு முதல் கியரில் ஏறும்போது கிளச்சைப் பாதி மிதித்து இழுக்க வேண்டிவரும். எங்கள் கிளச் கருகியதும் அப்படித்தான்.

திருத்தும் கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புதிய டயரின் குறுக்களவால் பெருக்கி, பழைய டயரின் குறுக்களவால் வகுக்க வேண்டும். 4.1ஐ 787ஆல் பெருக்கி 725ஆல் வகுத்தால் 4.45 வரும். அதே அளவில் பல் செட் கிடைப்பது அரிது. 43க்கு 10 என்றால் 4.3, 41க்கு 9 என்றால் 4.56. பாரம் ஏற்றி வயலுக்குப் போகிறவர் 4.56ஐ எடுப்பது நல்லது. வெறும் வாகனமாகப் பிரதான வீதியில் ஓடுகிறவருக்கு 4.3 போதும், எஞ்சின் அதிகம் கத்தாது.

உங்கள் வாகனத்தின் விகிதம் தெரியாவிட்டால் டிஃப்பைக் கழற்றத் தேவையில்லை. சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜக்கில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, அந்தச் சக்கரத்தை இரண்டு முறை சுற்றுங்கள். ஷாஃப்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நாலும் கொஞ்சமும் என்றால் 4.1, நாலரை தாண்டினால் 4.56. சாதாரண டிஃப்புக்கு இது சரிவரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஃபோர் வீல் வாகனத்தில் முன் டிஃப்பும் பின் டிஃப்பும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் மாற்றினால், நாலு சக்கரமும் இழுக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, பல்லோ ஷாஃப்டோ உடையும். இரண்டும் மாற்ற வசதியில்லையென்றால் பழைய அளவு டயருக்கே திரும்புவதுதான் புத்தி.

கியர் மாற்றினாலும் தீராத விடயங்கள் உண்டு. டயர் 62 மில்லிமீற்றர் பெருத்தால் அச்சு உயர்வது அதில் பாதி, 31 மில்லிமீற்றர்தான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பெட்டி உயரும், டிஃப் உயராது. வாகனம் சரியும் ஆபத்துத்தான் கூடும். பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்கை முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டும். பழைய பல்லோடு ஓடினால், மீற்றர் 60 காட்டும்போது உண்மை வேகம் 65. இத்தகைய மாற்றங்களுக்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெள்ளம். 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றதை இந்தக் கரையோரம் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தைவிட உயரமான டயர் எங்கள் கெப்புகளுக்குக் கிடையாது. ஓடும் நீரில் கியர் விகிதம் எதையும் காப்பாற்றாது.

மச்சான் இரண்டு டிஃப்பிலும் 4.56 போட்டுவிட்டார். அதே வாய்க்கால் கட்டில் இப்போது கிளச்சை மிதிக்காமல் ஏறுகிறார். மூட்டைகளுக்கு மேல் ஆட்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டார். பெண்களுக்கு வேறு வாகனம் பிடித்துக் கொடுக்கிறார். வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால், வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறார்.