தோட்டத்துப் பிள்ளைக்கு ஏற்றது பிரத்தியேக வகுப்பா, கட்டணப் பாடசாலையா?

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் ஆசிரியராகவும் வைத்தியராகவும் தோட்டத்து உத்தியோகத்தராகவும் சப்பிரகமுவ மலைத்தோட்டங்களிற் கடமை புரிந்தவர்கள். அத்தகையோரிடம் பெற்றார் அடிக்கடி வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஐயா, கையிற் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்புவதா, காசு கட்டிப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திற் சேர்ப்பதா?” என்பதே அது. இக்கேள்விக்குப் பொதுவான விடை எதுவும் இல்லை. கொழும்பில் இருப்பவனுக்கு ஏற்ற விடை கித்துல்கலவில் இருப்பவனுக்கு ஏற்றதாகாது. ஆதலின் கித்துல்கலவையே எடுத்துக்கொண்டு விடயத்தை ஆராய்வோம்.

கித்துல்கல கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டைப் பகுதியிலே, களனி கங்கைக் கரையிலே, அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் பெருந்தெருவிலே அமைந்த ஊர். 1957 ஆம் ஆண்டு வெளிவந்த, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படம் இங்கே எடுக்கப்பட்டமையால் உலகம் இவ்வூரை அறிந்தது. ஆற்றில் இறப்பர்த் தோணி விட வருகிற உல்லாசப் பிரயாணிகள் இன்றும் அறிவர். அவர்கள் காணாதது தெருவுக்கு மேலே, மலைச்சரிவிலே, இறப்பர் மரங்களுக்கும் தேயிலைக்கும் இடையில் இருக்கும் லயங்களை. நாட்டிலே மிக அதிகமாக மழை பெறும் பிரதேசங்களுள் இது ஒன்று. மழை பெய்தால் இறப்பர் மரத்திற் பால் வெட்ட இயலாது. பால்வெட்டு இல்லாத நாளிற் கூலியும் குறையும். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுமிடத்து மழையைப் பற்றிய பேச்சு ஏன் என்று வாசகர் ஐயுறலாம். அதற்குரிய விடை சற்றுப் பின்னே வரும்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்க ஏற்பாடு செய்வது தோட்டத்துரையின் கடமை என 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அது ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் என்ற அளவில் நின்றுவிட்டது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி மலர்ந்தபோது அதன் பயன் நகரத்தையும் கிராமத்தையும் அடைந்தது. தோட்டத்து லயத்தை அடையவில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதி தொடக்கம், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. முப்பது ஆண்டு பிந்தித் தொடங்கிய ஓட்டம் இது. இன்று பாடநூல் இலவசம் (1980 முதல்), சீருடைத் துணி இலவசம் (1993 முதல்). ஆயினும் மலையகத்திற் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் கீழ் வகுப்புகளோடு முடிந்துவிடுகின்றன. கணிதமும் விஞ்ஞானமும் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. பெற்றார் காசை எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் ஆடம்பரமன்று, இந்தக் குறையேயாகும்.

இனிக் கட்டணப் பாடசாலை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. உதவியின்றித் தனித்து நிற்க விரும்பிய சில மட்டும் தனியாரிடம் தங்கின. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை தொடங்கலாகாது என்றும் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அப்படியாயின் இன்று ஊருக்கு ஊர் காணப்படும் ‘சர்வதேசப் பாடசாலை’ எங்ஙனம் வந்தது? அவை பாடசாலைகளாக அல்ல, கம்பனிச் சட்டத்தின் கீழ்க் கம்பனிகளாகவே பதிவு பெற்றவை. அரசாங்கப் பாடசாலையைப் போலக் கல்வித் திணைக்களத்தின் மேற்பார்வைக்கு அவை உட்பட்டவையல்ல. அவற்றுள் மிக நல்லனவும் உள. பெயர்ப்பலகையில் மாத்திரம் உலகம் முழுவதையும் அடக்கிக்கொண்டனவும் உள.

கித்துல்கலப் பெற்றாரைப் பொறுத்தவரை பெருஞ் சிக்கல் மொழியாகும். அப்பாடசாலைகளிற் கல்வி ஆங்கிலத்திலே நடைபெறும். ஐந்து வயதிற் சேர்ந்த பிள்ளை பதினொரு வருடமேனும் அங்கே தங்கினாற்றான் அக்கல்வி ஒரு கரையை அடையும். நான்கு வருடத்தில் மழையோ நோயோ குடும்பத்தின் கையைக் கட்டிப் போட்டுப் பிள்ளை தோட்டப் பாடசாலைக்குத் திரும்ப நேர்ந்தால், ஆங்கிலமும் நிலைபெறாது, தமிழில் எழுதவும் பழகியிராது. தோணியை நடு ஆற்றில் விட்டது போன்ற நிலை.

2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என்றும், 2024 இல் 1,350 ரூபா என்றும் நிர்ணயிக்கப்பட்டது. பிந்திய கணக்கின்படி மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தாற் கிடைப்பது 27,000 ரூபா. அதிலும் சேமலாப நிதிக்குக் கழிவு உண்டு. மழை மாதத்தில் இருபது நாள் என்பதே ஐயம். பாடசாலைக் கட்டணமோ மழையை அறியாது. சேரும்போது ஒரு தொகை, தவணைக்கு ஒரு தொகை, பஸ் வாகனத்துக்கு வேறு. பிரத்தியேக வகுப்போ மாதக் கட்டணம். இம்மாதம் நிறுத்தி அடுத்த மாதம் தொடங்கலாம். கல்வியின் தரத்தை நோக்காது வருவாயின் தன்மையை மாத்திரம் நோக்கினாலும், ஏறி இறங்கும் வருவாயுள்ள குடும்பத்துக்கு ஏறி இறங்கக்கூடிய செலவே தகும். உத்தியோகத்தர் வீட்டிலும் கடை வைத்திருப்போர் வீட்டிலும் கணக்கு வேறாகலாம்.

இதனாற் பிரத்தியேக வகுப்புக்கு முழுப் புகழ் பாடுகிறேன் என எண்ணற்க. 1984 இல் அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் ஆசிரியர் ஒரு மாணாக்கருக்கே கற்பிக்குமிடத்து, நடுத்தர மாணாக்கர், பொதுவகுப்பிற் கற்பவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சுவர் என்றார். பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பயன் காணப்படவில்லை எனினும், பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் சொன்னது ஒருவருக்கு ஒருவர் என்ற முறை. நம்மூரில் ரியூஷன் என்பது யாது? தகரக் கொட்டகையில் நூறு பிள்ளைகள், கையில் ஒலிவாங்கியுடன் ஓர் ஆசிரியர், வாயிலிற் காசு வாங்கி ‘ரியூட்’ எனும் அச்சுத்தாள் கொடுப்பவர் ஒருவர். பாடசாலையில் நாற்பது பிள்ளைகளுள் ஒருவனாய் இருந்தவன் இங்கே நூற்றுள் ஒருவன். இதற்குப் பிரத்தியேகம் என்ற பெயர் எவ்வாறு பொருந்தியதோ தெரியவில்லை! தென்கொரியா 1980 இல் இத்தகைய வகுப்புகளையே சட்டத்தாற் தடைசெய்து பார்த்தது. வகுப்புகள் மறைவாக நடந்தன, கட்டணந்தான் ஏறியது. 2000 ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது எனத் தீர்த்தது.

தரம் ஐந்து வரை இவ்விரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. அவ்வயதிற் பிள்ளைக்கு வேண்டியது தமிழை வாசித்தலும், கையால் எழுதுதலும், வாய்ப்பாடும். புலமைப்பரிசிற் பரீட்சைக்காக எட்டு வயதுப் பிள்ளையை மாலை ஆறு மணி வரை மாதிரி வினாத்தாளோடு கட்டிவைப்பது கொடுமை. தரம் ஆறு தொடக்கம் சாதாரண தரம் வரை, பாடசாலையில் ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு மாத்திரம் வகுப்புத் தேடுக. பெரும்பாலும் அது கணிதமாகவோ விஞ்ஞானமாகவோ ஆங்கிலமாகவோ இருக்கும். எல்லாப் பாடத்துக்கும் அனுப்பினால் பிள்ளை தானே படிக்கும் நேரம் ஒழிந்துபோம்.

உயர்தரத்தில்தான் பலர் கவனியாத ஒரு நுட்பம் இருக்கிறது. அரச பல்கலைக்கழக இடங்களுள், கலைத்துறை நீங்கலாக, பொதுவாக நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அயலிலுள்ள இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு, கேகாலை இல்லை. பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையிற் கற்றதோ அம்மாவட்டமே பொதுவாக அதன் மாவட்டமாகக் கொள்ளப்படும். எனவே கித்துல்கலப் பிள்ளையை உயர்தரத்துக்குக் கொழும்புப் பாடசாலையிற் சேர்த்தால், அது கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைகளோடு போட்டியிட நேரும். கேகாலையிலுள்ள பாடசாலையிலேயே பதிவிருந்து, வார இறுதியில் வெளியூர் வகுப்புக்குச் சென்று வந்தால் மாவட்டம் மாறாது. ஆனால் விஞ்ஞானத் துறையைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலை எட்டும் தூரத்தில் இல்லையெனில் இந்த யோசனை பயன்படாது. மாவட்டத்தை மறந்து, பாடசாலை உள்ள இடத்துக்கே அனுப்ப வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு நாளும் கை வைக்காமல் இரசாயனத்தை அச்சுத்தாளிற் படித்தவன் எழுதும் விடையில் அது தெரிந்துவிடும்.

வகுப்பைத் தெரிந்தெடுக்கும்போது சுவரொட்டியிலுள்ள சித்திகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். அதே பிள்ளைகளை அவர்களின் பாடசாலையும் தன் கணக்கிற் சேர்த்திருக்கும். ஒரு மாதம் அனுப்பி, பிள்ளையின் அப்பியாசக் கொப்பியை விரித்துப் பாருங்கள். பிழை திருத்தப்பட்டிருக்கிறதா? பிள்ளையின் பெயர் ஆசிரியருக்குத் தெரியுமா? தன் வகுப்பிற் பாதி சொல்லி மீதியை மாலைக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் ஆசிரியரிடம் மட்டும் அனுப்பாதீர்கள். வகுப்பு முடியும் நேரத்தையும், மலைக்கு ஏறும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்பிள்ளைகள் பலர் கற்கையை இடைநிறுத்துவது கட்டணத்தால் அன்று, பெருந்தெருவிலிருந்து லயத்துக்கு இருட்டில் ஏற வேண்டிய அந்த இரண்டு மைலாலேயே. ஆதலின் நம் சங்கத்தார் எட்டியாந்தோட்டை, கித்துல்கலப் பகுதியில் வகுப்பு நடத்த முன்வருவாராயின், அதைச் சனிக்கிழமை காலையில், பஸ் நிற்குமிடத்துக்கு அருகிலே, இருபது பிள்ளைகளுக்கு மேற்படாமல் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் போதும், பஸ் கட்டணத்தையும் சங்கமே கொடுத்தல் வேண்டும்.