நேராக ஓடும் கார், தேயும் டயர்

காரின் உயரத்தைக் குறைக்க விரும்பும் சிலர், அதனுடன் வந்த சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் வாங்கிய குட்டையான வில்லைப் பொருத்துகின்றனர். "கார் நேராகத்தானே ஓடுகிறது? பிறகு அலைன்மென்ட் எதற்கு?" என்றும் கேட்கின்றனர். இதற்கு இயற்பியல் விடை தருகிறது.

சக்கரத்திற்கு மூன்று கோணங்கள் முக்கியமானவை. மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது 'டோ'. முன்னிருந்து பார்க்கையில் அதன் உச்சி சாய்ந்திருப்பது 'கேம்பர்'. பக்கத்திலிருந்து பார்க்கையில், சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருப்பது 'காஸ்டர்'. சைக்கிளின் முன்கவட்டில் இச்சாய்வைத் தெளிவாகக் காணலாம்.

காரின் உடல் தாழும்போது, அதனுடன் ஒப்பிட, சக்கரம் மேலே ஏறுகிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையும், அதைத் திருப்பும் 'டை ராட்' தண்டும் நீளத்திலும் சுழலும் மையத்திலும் வேறுபட்டவை. எனவே அவற்றின் நுனிகள் வெவ்வேறு வட்டவிற்களில் நகர்ந்து சக்கரத்தைச் சற்றே திருப்பிவிடுகின்றன. கேம்பரும் மாறுகிறது.

முன்சக்கரங்கள் இரண்டும் 1 பாகை உள்நோக்கித் திரும்பியுள்ளன எனக் கொள்வோம். சைன் 1 பாகையின் மதிப்பு 0.0175. ஆகவே 1 கிலோமீட்டர் பயணத்தில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும்! ரப்பர் ஓரளவு வளைந்து கொடுத்தாலும் மீதி உராய்வாகிறது. இரு சக்கரங்களின் மீதும் செயல்படும் பக்கவிசைகள் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. கார் நேரே ஓடுகிறது. ஆனால் உராய்வுக்கு எதிராகச் செய்யப்படும் வேலை திசையிலி. அது நீங்குவதில்லை, இரு பக்கமும் கூடுகிறது. எரிபொருள் வீணாகிறது, டயர் தேய்கிறது. பள்ளவரிகள் தேய்ந்த டயரால் மழைநீரை வெளியேற்ற இயலாது. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வழுக்கும்.

ஆகவே வில் பொருத்திய அன்று ஒருமுறையும், அது நன்கு படிந்தபின் மறுமுறையும் கோணங்களை அளப்பது நல்லது. டயரின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். கேம்பரைத் திருத்தினால் டோவும் மாறும். ஆதலால் கேம்பரை முதலிலும், டை ராடின் மரையைத் திருகி டோவை இறுதியிலும் திருத்துவர்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நிற்கும் காரின் டயரைக் குறுக்காக இரு திசைகளிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால், டோ பிழையாக இருக்கக்கூடும். காரின் உரிமையாளரிடம் சொல்லுங்கள்.