நீரின் இருவகைப் பிணைப்பு

அடுப்பின்மீது ஏற்றிய உலைநீர் கொதிக்கத் தொடங்குகிறது. அடியிலிருந்து குமிழிகள் எழுகின்றன. ஆவி மேலெழுந்து பரவுகிறது. அக்குமிழிகளுக்குள் இருப்பது யாது? நீர் என்பது ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் இரண்டின் சேர்க்கை என்று கற்ற மாணவர் சிலர், கொதிக்கும்பொழுது அவ்விரண்டும் பிரிந்து வெளியேறுகின்றன என்று கருதுவதுண்டு. அக்கருத்துப் பிழையுடையது. அவ்வாறு பிரியுமாயின், அவ்விரு வாயுக்களின் கலவை அடுப்புத் தீயிற் பட்டவுடன் வெடித்துவிடும். குமிழிக்குள் இருப்பதும் நீரே. ஆவி மூடியிற் பட்டுக் குளிர்ந்து, மீண்டும் நீர்த்துளியாகி வடிதலே இதற்குச் சான்று.

அங்ஙனமாயின், கொதித்தலாற் பிரிவது எது? பிரியாது நிற்பது எது? இதனை மொழியைக் கொண்டு விளக்கலாம். எழுத்துகள் கூடிச் சொல் ஆகின்றன. சொற்கள் கூடித் தொடர் ஆகின்றன. தொடரைக் கலைத்துச் சொற்களைத் தனித்தனியே நிறுத்தினாலும் சொல் சிதைவதில்லை. அதன் பொருளும் மாறுவதில்லை. எழுத்துகளைப் பிரித்துவிட்டாலோ சொல்லே அழிந்துவிடுகிறது. அணுக்கள் எழுத்துகளைப் போன்றவை. அவை கூடி ஆகிய மூலக்கூறு சொல்லைப் போன்றது. கொதித்தல் தொடரைக் கலைக்கிறது, சொல்லை அழிப்பதில்லை.

முதலில், அணுக்களைச் சேர்க்கும் பிணைப்பினைக் காண்போம். அணுவின் கருவைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள் உள்ளன. ஆக்ஸிஜன் அணுவின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. 8 இருப்பின் அது நிறைவுறும். ஹைட்ரஜனிடம் இருப்பது 1. நிறைவுக்கு வேண்டுவது 2. இக்குறையை அணுக்கள் பகிர்ந்துகொள்ளுதலால் தீர்த்துக்கொள்கின்றன என்று 1916ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். இரு மனைகளுக்கு இடையே தோண்டிய பொதுக்கிணறு இரு வீட்டாருக்கும் உரியதாவது போல, ஓர் அணு ஓர் எலக்ட்ரானும் மற்றோர் அணு ஓர் எலக்ட்ரானும் அளிக்க, அவ்விணை இரண்டற்கும் பொதுவாகிறது. ஓர் ஆக்ஸிஜன் அணு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு இவ்வாறு இணைந்து நீரின் மூலக்கூறு ஆகிறது. இது சகப்பிணைப்பு எனப்படும். இஃது எளிதில் அறுவதன்று. 1800ஆம் ஆண்டில் இலண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் நீரினுள் மின்னோட்டத்தைச் செலுத்தியே இதனைப் பிரித்தனர்.

இனி, மூலக்கூற்றின் வடிவத்தை நோக்குவோம். ஆக்ஸிஜனைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இணைகள் உள்ளன. அவற்றுள் இரண்டு ஹைட்ரஜனோடு பகிரப்பட்டவை. எஞ்சிய இரண்டும் ஆக்ஸிஜனுக்கே உரியவை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. ஆதலின் நான்கு இணைகளும் இயன்ற அளவு விலகி, நான்கு திசைகளை நோக்கி நிற்கின்றன. பகிரப்படாத இணைகள் மிகுதியான இடத்தைக் கவர்ந்துகொள்வதால், ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் சற்றே நெருக்கப்படுகின்றன. அவற்றிற்கு இடைப்பட்ட கோணம் ஏறக்குறைய 104.5 பாகை. எனவே நீரின் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல், கவட்டைக் கிளைபோல் வளைந்துள்ளது.

இவ்வளைவினால் விளையும் பயன் பெரிது. ஆக்ஸிஜன் பொது எலக்ட்ரான்களைத் தன்பால் மிகுதியாக ஈர்க்கிறது. ஆகவே அதன்பக்கம் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்னும் அமைகின்றன. மூலக்கூறு நேர்கோடாக இருந்திருப்பின், எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும் இரு காளைகளின் வலிமை ஒன்றையொன்று அழிப்பது போல, இவ்விரு இழுப்புகளும் ஒன்றையொன்று அழித்திருக்கும். கரியமில வாயுவின் மூலக்கூறு அத்தகையதே. நீரிலோ, வளைவின் காரணமாக அவை அழிவதில்லை. ஒரு மூலக்கூற்றின் ஹைட்ரஜனை மற்றொன்றின் ஆக்ஸிஜன் ஈர்க்கிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. இதன் வலிமை சகப்பிணைப்பின் வலிமையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. கொதிக்கும்பொழுது அறுவது இப்பிணைப்பே.

வலிமை குன்றியதாயினும் இதன் ஆற்றலை இகழ்தல் கூடாது. கந்தகமும் ஆக்ஸிஜனும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள். கந்தகத்தோடு ஹைட்ரஜன் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடு, நீரைவிட ஏறக்குறைய இருமடங்கு மூலக்கூற்று எடை உடையது. ஆயினும் அது சுழிக்குக் கீழ் 60 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. நீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு இல்லையேல், நீரும் அறைவெப்பத்தில் வாயுவாகவே இருந்திருக்கும். ஆறும் கடலும் இரா.

நீர் உறையும்பொழுது இப்பிணைப்பு மற்றொரு நன்மையைச் செய்கிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு கைகோத்து நிற்கிறது. இடையிடையே வெற்றிடம் மிகுந்த சட்டம் போன்ற அமைப்பு உண்டாகிறது. எனவே நீர் உறைந்தால் அதன் கனஅளவு நூற்றுக்கு 9 பங்கு பெருகுகிறது. பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. சைபீரியாவிலுள்ள பைக்கால் ஏரி 1,642 மீட்டர் ஆழமுடையது. குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு வண்டிகள் செல்லும் அளவிற்கு இறுகி உறைகிறது. ஆயினும் அப்பனிக்கட்டி போர்வைபோல் மேலே கிடக்க, அடியிலுள்ள நீரில் மீன்களும் சீல்களும் உயிர்வாழ்கின்றன. பனிக்கட்டி அமிழும் இயல்புடையதாயின், ஏரிகள் அடியிலிருந்து உறைந்து, நீர்வாழ் உயிர்களுக்குப் புகலிடம் இல்லாமற் போகும்.

அணுக்களைச் சேர்க்கும் பிணைப்பு நீரை நீராக ஆக்குகிறது. மூலக்கூறுகளைச் சேர்க்கும் பிணைப்பு அந்நீரை உயிர்களுக்கு உறைவிடம் ஆக்குகிறது. தனித்து நோக்கின் மெலிந்ததாகத் தோன்றும் விசை, எண்ணிறந்தனவாகக் கூடும்பொழுது உலகினைத் தாங்குகிறது. உலைநீரிற் குமிழி எழுவதைக் காணும் மாணவர் இவ்வுண்மையை நினைவிற்கொள்வாராக.