மேகம் எழும்பும் முன்

தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலை உரித்தெடுத்த பிறகுதான் போத்தலைத் திருப்பித் தருவார்கள். பொலித்தீன் பையில் இருக்கும் பிஸ்கட் கடதாசிக்கு மாறும். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவின் வாசலில் எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு. எரிச்சல்படாதீர்கள். வாகனத் தரிப்பிடத்தில் மனிதர் கையையே முகர்ந்து பார்க்கும் மரைகள் பொலித்தீனையும் விடாது. ஆனால் விடுமுறை நாளென்றால் வரிசை நீண்டுவிடும். அங்கே தொலைகிற அரை மணி நேரம் அன்றைய நடையையே மாற்றிவிடும்.

முதல் தடவை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. நுவரெலியாவிலிருந்து முப்பது கிலோமீற்றர் சொச்சம்தானே என்று வேன் நிறைய ஆட்களோடு ஆறரைக்குக் கிளம்பினோம். வழியில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். உலக முடிவு என்ற மலைவிளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. எதிரே சுண்ணாம்பு பூசியது போல ஒரே வெள்ளை. ஹட்டனில் இருந்து வந்த சித்தி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த மூட்டத்தப் பாக்கவாடா இவ்வளவு தூரம் நடக்க வச்ச? நம்ம வாசல்லயே இருக்கே.”

சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அதன் தென்விளிம்பு 800 மீற்றருக்கும் அதிகமாகச் சட்டென்று இறங்குகிறது. வெயில் ஏற ஏறக் கீழ்ச்சரிவு சூடாகி, ஈரக்காற்று மலைச்சுவரோடு மேலேறிக் குளிர்ந்து மேகமாகும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் திரை விழுந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் சற்று இரக்கம் காட்டும். அப்போதும் ஆறு மணிக்கே வாசலில் நிற்பது நல்லது.

யால போன்ற பூங்காக்களில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. 1988 இல் தேசியப் பூங்காவான இங்கே காலால் நடக்கலாம். எல்லோரும் போவது சுமார் 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதை. மூன்று மணி நேரம் பிடிக்கும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, கடைசியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் போங்கள். மூட்டம் வந்தாலும் அருவி கெட்டுப்போகாது. அருவிக்கு இறங்கும் வழி செங்குத்து, ஈரம் வேறு. முழங்கால் வலிக்காரர்கள் மேலே நின்று சத்தத்தைக் கேட்டால் போதும். உலக முடிவில் விளிம்புக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம். 2015 இல் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் விழுந்து, கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் பிழைத்தார்.

பிந்தி வந்தவர்களுக்கு நான் சொல்வது தொட்டுபொல கந்த என்ற மலை. 2,357 மீற்றர் என்றதும் பயப்பட வேண்டாம். பட்டிப்பொல பக்கத்துப் பாதையோரத்திலிருந்தே ஏற்றம் தொடங்குவதால் இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று ஒரு கதையும் இருக்கிறது. உச்சியில் மூட்டம் என்றாலும் நட்டமில்லை. காற்றுக்குக் குறுகிப்போன மரங்களில் பாசி தாடி போலத் தொங்கும். பொறுமையாகத் தேடினால், மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று கிளையோடு கிளையாக உட்கார்ந்திருக்கும். இந்த நாட்டின் மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை. சுற்றுப்பாதைக் கூட்டத்தில் அதைக் காண்பது கஷ்டம்.

கிரிகல்பொத்த வேறு கணக்கு. நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலை. போக மட்டும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர். புல்லுக்குள் பாதை தொலையும், கால் சதுப்பில் புதையும். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கிற சதுப்பல்லவா! கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பார் என்று பார்த்து, அவர் வேகத்தில் மாலைக்குள் திரும்ப முடியுமானால் மட்டும் போங்கள்.

அடுத்த வருடம் பெப்ரவரியில் தனியாகப் போனேன். உலக முடிவில் ஏழேகால். தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம் தகடுபோல மின்னியது; நேர் கீழே தேயிலை மலையும் ஒரு வரிசைத் தகரக் கூரைகளும். படமெடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். நீர்த்தேக்கத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

“அந்த லயம் எந்தத் தோட்டம்டா?”